குறிப்புரையில் ஓர் எழுத்துப்பிழை

கணினி நிரல் எழுதத் தெரியாத ஒரு பத்திரிகைக்காரன் நிரலாளர்களின் சச்சரவுக்குள் தலையிடுவதா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், இந்தச் சச்சரவு நிரலைப் பற்றியதன்று, எழுத்துப்பிழையைப் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியபீடத்தில் அமர்ந்து பிறருடைய எழுத்துப்பிழைகளோடு மல்லுக்கட்டியவன் என்ற வகையில், இதில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் உரித்துண்டு என்று நினைக்கிறேன்.

விடயம் இதுதான். மென்பொருளொன்றின் மூலநிரலில் கணினிக்கான கட்டளைகளுக்கு இடையிடையே மனிதருக்கான குறிப்புகளும் எழுதப்படுகின்றன. இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, இந்த எண் எங்கிருந்து வந்தது, இதைத் தொட்டால் எது உடையும் என்றெல்லாம், எழுதியவர் தமக்குப் பின்னால் வரப்போகிறவருக்குச் சொல்லிவைக்கும் செய்தி அது. நிரலாளர்கள் கொமென்ற் என்பார்கள். நான் குறிப்புரை என்று எழுதுகிறேன். நிரலை இயக்கும் கணினி இந்தக் குறிப்புரைகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அவற்றில் நூறு எழுத்துப்பிழைகள் இருந்தாலும் மென்பொருள் ஒழுங்காகவே ஓடும். அப்படியானால் அவற்றைத் திருத்தத்தான் வேண்டுமா? திருத்தித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரை உள்ளே அழைப்பதா, படலையிலேயே திருப்பி அனுப்புவதா?

ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் என் பெறாமகன், யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு திறந்தமூல மென்பொருளின் குறிப்புரையில் ஒரு சொல் பிழையாக இருப்பதைக் கண்டு, திருத்தி அனுப்பினான். உருப்படியான வேலை ஏதும் இருந்தால் வரும்படி ஒற்றை வரியில் பதில் வந்தது. அவன் சிரித்துக்கொண்டுதான் இதை எனக்குச் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

“சித்தப்பா, மெசின் அதை வாசிக்காது. மனிசரும் வாசிக்கினமோ தெரியேல்லை. அவைக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை” என்றான்.

மனிதர் வாசிக்கிறார்களா இல்லையா என்பதுதான் இதில் முதன்மையான கேள்வி என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் மறுப்பவர்களின் பக்கத்தைச் சொல்லிவிடுவதே நேர்மை. அவர்களுடைய காரணங்கள் இலேசானவை அல்ல.

உலகத்தையே தாங்கி நிற்கும் பல திறந்தமூல மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் சம்பளமின்றி, அலுவலகம் முடிந்த பின்னிரவுகளில், அந்த வேலையைச் செய்கிறவர்கள். ஒரு சொல்லைத் திருத்தி வரும் விண்ணப்பத்தையும் அவர்கள் திறந்து, பார்த்து, சோதித்து, ஏற்க வேண்டும். கிற் எனப்படும் பதிப்புப் பதிவு முறையில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், எப்போது, எதற்காக என்று காட்டும் வசதி இருக்கிறது. அதன் பெயரே ‘பிளேம்’, அதாவது பழிசுமத்து! ஒரு வரியில் எழுத்துப்பிழை திருத்தப்பட்டால், அந்த வரிக்குரியவராகத் திருத்தியவரின் பெயர்தான் முதலில் தெரியும். வரியை உண்மையில் எழுதியவரைத் தேட இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். 2019 ஓகஸ்டில் வெளியான கிற் பதிப்பில், குறிப்பிட்ட சில மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி சேர்க்கப்பட்டது. தொல்லை உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுசெல்லும்போது, இத்தகைய சில்லறை மாற்றங்களால் வரிகள் பொருந்தாமற் போய், கையால் சரிசெய்ய வேண்டி வருவதும் உண்டு.

2020 ஒக்டோபரில் நடந்த கூத்தை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. டிஜிற்றல் ஓஷன் என்ற நிறுவனம் 2014 முதல் ‘ஹக்ரோபர்ஃபெஸ்ற்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு விழா நடத்திவந்தது. அந்த மாதத்தில் திறந்தமூல மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு ரீஷேட் கிடைக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால் 2020இல், ஒரு சட்டைக்காக, வாசிக்காத மென்பொருள்களின் வரவேற்புப் பக்கங்களில் ‘அருமையான’ என்ற சொல்லைச் செருகியும், சரியாக இருந்த சொல்லைத் திருப்பிப் போட்டும், ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒக்டோபர் 3ஆந் திகதியே விதியை மாற்ற வேண்டியதாயிற்று: தாமாக விரும்பிப் பெயர் கொடுத்த மென்பொருள்களுக்குச் செய்யும் திருத்தங்கள் மட்டுமே எண்ணப்படும் என்றார்கள். அந்த மாதத்தில் அலுத்துப்போன ஒரு பராமரிப்பாளர் என் பெறாமகனுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதினால், அவரைப் பெரிதாகக் குறைசொல்ல முடியாது.

இன்னொரு கவலை இதைவிடப் பாரதூரமானது. குறிப்புரைதானே என்று கண்ணயரும் இடத்தில்தான் கள்வன் நுழைவான். 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கொலஸ் பௌச்சர், ரொஸ் அன்டர்சன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரபு, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்காக யூனிகோட்டில் சில கண்ணுக்குத் தெரியாத குறிகள் இருக்கின்றன. அவற்றைக் குறிப்புரைக்குள் வைத்தால், திரையில் மனிதருக்குத் தெரியும் வரிசை ஒன்றாகவும் கணினி வாசிக்கும் வரிசை வேறாகவும் ஆகிவிடும். குறிப்புரை போலத் தோன்றுவது கட்டளையாக இருக்கலாம். கட்டளை போலத் தோன்றுவது வெறும் குறிப்புரையாக இருக்கலாம். 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்.ஸட் விவகாரமும் நினைவிருக்கும். ஜியா ரான் என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு கூட்டத்தினர், 2021இலிருந்து தீங்கில்லாத சிறு சிறு உதவிகளைச் செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் என்ற இடத்துக்கே வந்து, பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். அன்ட்ரஸ் ஃபிராயின்ட் என்ற பொறியியலாளர், தம் கணினியில் உள்நுழைவு அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்துத் துருவியிராவிட்டால் அது எங்கே போய் முடிந்திருக்குமோ?

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், படலையிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்குத் திருத்தம் அனுப்புவோருக்கான கையேட்டில், சில்லறைத் திருத்தங்கள் எவையென்று ஒரு பட்டியல் நெடுங்காலம் இருந்தது. அதில் எழுத்துப்பிழைக்கு இரண்டு இடங்கள். ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகள் முதலாவது. இரண்டாவதுதான் என்னைக் கவர்ந்தது: கிரெப் என்ற தேடற்கட்டளையைத் தவறவைக்கக்கூடிய எழுத்துப்பிழைகள். எவ்வளவு சிக்கனமான, கைதேர்ந்த வரையறை! கோடிக்கணக்கான வரிகளில் ஒரு பொறியியலாளர் ஒரு சொல்லைத் தேடுகிறார். குறிப்புரையில் அந்தச் சொல்லின் ஓர் எழுத்து விழுந்திருந்தால் அந்தக் குறிப்புரை அவருக்கு அகப்படாது. அவருக்காகவே எழுதிவைத்த எச்சரிக்கை, அவர் கண்ணிற் படாமலே கிடக்கும். பத்திரிகை நூலகங்களில் பழைய கத்தரிப்புகளைத் தேடியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ஒருவருடைய பெயரில் ளகரம் லகரமானால், அவர் வேறொரு கோவைக்குள் போய்விடுவார்.

அறிஞர் டொனால்ட் கனூத் இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர். நிரல் என்பது முதலில் மனிதர் வாசிப்பதற்கு எழுதப்படும் ஒரு கட்டுரை என்ற கருத்தை 1984இல் முன்வைத்தவர் அவர். தம் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு, அது வெறும் அச்சுப்பிழையாக இருந்தாலும், 2.56 டொலர் காசோலை அனுப்பும் வழக்கத்தை வைத்திருந்தார். பலர் அந்தக் காசோலையை மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். காசோலை மோசடிகளுக்கு அஞ்சி 2008இல் அதை நிறுத்தி, ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழ்களை அனுப்பத் தொடங்கினார். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுபவனைத் தொந்தரவாகக் கருதாமல், தம்மை ஊன்றி வாசித்தவனாகக் கருதிய மனிதர்.

எல்லாவற்றையும் திருத்திவிடவும் முடியாது. இணைய உலாவிகள் தாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லப் பயன்படுத்தும் தலைப்பின் பெயர் ‘ரெஃபரர்’. 1990களில் பிலிப் ஹாலம்-பேக்கர் அதனை முன்மொழிந்தபோது ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிற்று. 1996 மே மாதம் வெளியான வரையறை ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது. உலகிலுள்ள உலாவிகளும் வழங்கிகளும் அந்தப் பிழையான எழுத்துக்கூட்டலையே எதிர்பார்த்து நிற்பதால் இனி அதைத் தொட முடியாது. பின்னர் வந்த இன்னொரு தலைப்பில் அதே சொல் சரியாக எழுதப்பட்டிருப்பதால், இன்று இரண்டும் அருகருகே உலாவுகின்றன. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தொம்சனிடம், மறுபடியும் செய்வதானால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, ‘கிரியேற்’ என்ற கட்டளையின் ஆங்கிலச் சொல்லில் தாம் விட்டுவிட்ட கடைசி எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம். பெயர்கள் இப்படி இறுகிவிடும். குறிப்புரை இறுகுவதில்லை. எந்த இயந்திரமும் அதை நம்பியிருப்பதில்லை. ஆகவே, எவருக்கும் பழுதில்லாமல் திருத்தக்கூடிய ஒரே இடம் அதுதான்.

இப்போது, மனிதர் வாசிக்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் நாட்டில், கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட பேருந்து இருக்கையின் மேல் ‘தா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நா’ எழுதப்பட்டிருந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள். அந்தப் பிழை சொன்ன செய்தி ஒன்றுதான்: அதை எழுதியதிலிருந்து ஆணி அடித்தது வரை தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்கவில்லை. எழுத்துப்பிழையின் பெறுமதி அதுவே. அது ஒரு தடயம். இந்த இடத்தை எவரும் வாசிக்கவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. மூலநிரலில் பத்து ஆண்டுகளாக ஒரு சொல் பிழையாகவே கிடந்தால், அந்தக் குறிப்புரையைப் பத்து ஆண்டுகளாக எவரும் ஊன்றி வாசிக்கவில்லை, அல்லது வாசித்தவர் சொல்லத் துணியவில்லை.

அப்படியானால் அந்த இடத்தில் சோதிக்க வேண்டியது எழுத்தை மட்டுமா?

தொண்ணூறுகளில் நான் வேலைசெய்த பத்திரிகையில் ஒரு முதிய ஒப்புநோக்காளர் இருந்தார். மரண அறிவித்தல்களை அவர்தான் பார்ப்பார். ஒருநாள் மாலை, பக்கம் மூடும் நேரத்தில், ஓர் அச்சுப்படியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் இறுதிக்கிரியை ‘14ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை’ என்றிருந்தது. 14ஆந் திகதி சனிக்கிழமை. கையெழுத்துப் பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. அச்சுப்படியைப் பிரதியோடு ஒப்பிடுவதோடு அவர் கடமை முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் தொலைபேசியை எடுத்து அந்த வீட்டாரிடம் கேட்டார். சனிக்கிழமைதான். பிரேதம் எடுத்துப்போன மறுநாள் உறவினர் வந்து நிற்கும் அவலம் தவிர்ந்தது. அவர் சொற்களையல்ல, வாக்கியத்தை வாசித்தார்.

நிரல் உலகில் அப்படி ஒருவர் இல்லாததால் நேர்ந்த கதை ஒன்று உண்டு. 2006இல், டெபியன் இயங்குதளத்தில் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்ற மறையாக்க மென்பொருளைப் பராமரித்தவர், பிழை கண்டறியும் கருவியொன்று எச்சரித்ததால், ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். ஒன்று விலக்கக்கூடிய வரி. அதனருகே, வேறொரு சோதனைக் கருவியின் பெயரைச் சொல்லி அது முறையிடுகிறது என்று இரண்டே சொற்களில் ஒரு குறிப்புரை இருந்தது. மற்றையது, இரகசியச் சாவிகளுக்கு வேண்டிய எழுமாற்றுத்தன்மையைச் சேர்க்கும் உயிர்நாடியான வரி. அதனருகே ஒன்றுமே எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் முன்கூட்டியே மடலெழுதிக் கேட்டும் இருந்தார். ஆபத்தை எவரும் சுட்டிக்காட்டவில்லை. 2008 மே 13ஆந் திகதி உண்மை வெளிப்பட்டபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவாக்கப்பட்ட சாவிகள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தமை தெரியவந்தது. ஒரு வகைக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் சாவிகள்தாம் சாத்தியம். ஒரு கணினியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். அந்த இரண்டு சொற்களிலும் எழுத்துப்பிழை இல்லை. எந்தச் சொல்திருத்தியும் அந்த இடத்தில் நின்றிராது.

சொல்திருத்தும் கருவிகள் மீது எனக்குள்ள மனக்குறை இதுதான். கோட்ஸ்பெல் என்றொரு கருவி இருக்கிறது. விக்கிப்பீடியாவின் வழக்கமான பிழைகள் பட்டியலிலிருந்து அதன் அகராதி தொடங்கியது. லினக்ஸ் கருநிரலிலும் பிழையான சொல்லும் திருத்தமான சொல்லும் சோடி சோடியாக அடுக்கிய ஒரு கோப்பு உண்டு. பயனுள்ளவைதாம். ஒரு பட்டனை அழுத்தினால் ஆயிரம் கோப்புகளில் ஆயிரம் சொற்கள் திருந்திவிடும். ஆனால் அதோடு ஆயிரம் தடயங்களும் அழிந்துவிடும். வாக்கியம் பொய்யாக இருந்தால் பொய்யாகவே இருக்கும். இப்போது பளபளப்பாக இருக்கும். கட்டளையை மாற்றியவர் குறிப்புரையை மாற்ற மறந்துபோன இடங்கள் எந்தப் பெரிய மென்பொருளிலும் மலிந்து கிடக்கின்றன என்பது நிரலாளர்களே ஒப்புக்கொள்ளும் உண்மை. பிழையோடு எழுதிய உண்மையான குறிப்புரை எவருக்கும் பெரிய தீங்கு செய்யாது. திருத்தமாக எழுதிய பொய்க் குறிப்புரை ஒருவரை இரவு முழுவதும் அலைக்கழிக்கும்.

ஆகவே பட்டனைத் தட்டி அனுப்பும் ஆயிரம் திருத்தங்களை மறுப்பவரோடு நான் முரண்படமாட்டேன். ஒரு கோப்பை வாசித்துக்கொண்டு போகையில் கண்ணில் தட்டுப்பட்ட ஒன்றைத் திருத்தி அனுப்புபவரை மறுப்பது வேறு விடயம். அவரிடம் ஒரு கேள்வி கேட்டாற் போதும்: இந்தக் குறிப்புரை சொல்வது இன்னமும் சரிதானா, கீழேயுள்ள கட்டளையோடு ஒத்துப்போகிறதா? பட்டனைத் தட்டியவர் பதில் சொல்லமாட்டார். வாசித்தவர் சொல்லுவார். அவர் இல்லையென்று சொல்லும் நாளில் பராமரிப்பாளருக்கு ஒரு நல்ல உதவியாளர் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

இதில் எம்மவருக்கும் ஒரு பங்கிருக்கிறது. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைகாலத் திறந்தமூலத் திட்டத்தில், உலகிலேயே மிக அதிகமான மாணவர்கள் தெரிவான பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், நிவாரண வேலைகளுக்காக ‘சஹானா’ என்ற திறந்தமூல மென்பொருளை எழுதி உலகுக்குக் கொடுத்தவர்களும் இலங்கைத் தொண்டர்களே. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் மூன்றாம் மொழியாகவும் கற்ற பிள்ளைகள் இவர்கள். அறிமுகமில்லாத ஒரு பெரிய நிரலுக்குள் அடியெடுத்துவைக்கும் ஒருவர், முதலில் துணிந்து தொடக்கூடிய இடம் ஒரு குறிப்புரையின் எழுத்துப்பிழைதான். அதை அனுப்பும்போதுதான் அந்தக் குழுமத்தின் நடைமுறைகளையும் கற்றுக்கொள்கிறார். அங்கே கிடைக்கும் முதற்பதில் ஏளனமாக இருந்தால், இரண்டாவது தடவை அவர் வருவாரா?

மறுபக்கமும் இருக்கிறது. பிழையாக எழுதியவரும் பெரும்பாலும் எம்மைப் போல அந்நிய மொழியில் எழுதியவரே. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் தோர்வால்ட்ஸின் தாய்மொழியே ஆங்கிலமன்று, சுவீடிஷ். எழுதியவரை எள்ளி நகையாடும் தொனியில் வரும் திருத்தங்களையும் என் பெறாமகன் காட்டினான். பிரித்தானிய முறையில் எழுதிய சொல்லை அமெரிக்க முறைக்கு மாற்றி, பிழை திருத்தினேன் என்று மார்தட்டுபவர்களும் உண்டு. கணனியா கணினியா என்று ஈழத்திலும் தமிழகத்திலும் மோதிக்கொண்ட எமக்கு இது புதிதன்று. வழக்கு வேறு, பிழை வேறு. அந்த வேறுபாடு தெரியாதவர் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுக்கக் கூடாது.

இந்தச் சச்சரவின் ஆயுள் இனி நீளாது என்றுதான் நினைக்கிறேன். 2021 ஜூனில் கிற்ஹப் நிறுவனம் கோபைலற் என்ற உதவியாளரை முன்னோட்டமாக வெளியிட்டதிலிருந்து, கட்டளையோடு குறிப்புரையையும் இயந்திரமே எழுதிக்கொடுக்கும் வழக்கம் வேகமாகப் பரவிவிட்டது. அவற்றில் எழுத்துப்பிழையைக் காண்பது அரிது. இலக்கணமும் ஒழுங்கு. பெறாமகன் அண்மையில் அப்படியொரு கோப்பைத் திரையில் காட்டினான். ஒவ்வொரு வரியின் மேலும், கீழே என்ன நடக்கிறது என்பதை நிரல் தெரிந்த எவரும் கண்ணால் காணக்கூடியபடியே திரும்பச் சொல்லும் நல்ல ஆங்கிலக் குறிப்புரைகள். ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று ஓரிடத்திலாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவன் மேலும் கீழுமாக இரண்டு தடவை உருட்டித் தேடினான்.